ஃபீட் ரீடர் இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? வகுப்பில் பயன்படுத்தியவர்கள் உண்டா?

செம்பூர்_டீச்சர் | ஜூன் 22, இரவு 9:48

எல்லாருக்கும் வணக்கம். மும்பையில் தாராவி பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். போன வாரம்தான் பள்ளி திறந்தது, மழையும் கூடவே வந்தது, வகுப்பில் பாதிப் பேர் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. அதனால் கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

என் பாடு இதுதான். போனில் எண்பது டேப் திறந்து கிடக்கிறது, எல்லாம் "அப்புறம் படிக்கலாம்" என்று வைத்தவை. எனக்குப் பிடித்து எழுதுகிறவர்கள் நாலைந்து பேர், மாதத்துக்கு ஒன்று எழுதினாலே அதிகம், அவர்கள் எழுதியது எனக்குத் தெரிய வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடுகிறது. ஆனால் நான் கேட்கவே கேட்காத யாரோ ஒரு நடிகையின் கல்யாண வீடியோ மட்டும் காலையில் பல் தேய்க்கும்போதே வந்து நிற்கிறது. ஃபீட் ரீடர் என்று ஒன்று இருக்கிறது, நாமே தேர்ந்தெடுத்த தளங்களில் புதிதாக வந்தது மட்டும் ஒரே இடத்தில் வரும் என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னார். தளங்கள் கொடுக்கும் அந்த ஃபீடுக்கு ஆர்எஸ்எஸ் என்றும் பெயராம். இன்னும் அது உயிரோடு இருக்கிறதா?

இரண்டாவது, இதை வகுப்புக்குக் கொண்டுபோக முடியுமா? பாடப்புத்தகத்தில் எரிமலை, நிலநடுக்கம், பருவமழை எல்லாம் இருக்கிறது. ஆனால் எல்லாமே எப்போதோ நடந்ததாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு இன்று காலை நடந்ததைக் காட்ட வேண்டும் என்று ஆசை. பள்ளியில் ஒரு பழைய லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர், மனமிருந்தால் இணையம்.

தலைமையாசிரியரிடம் "ஆர்எஸ்எஸ் வகுப்பில் பயன்படுத்தலாம் என்று இருக்கிறேன் சார்" என்று ஆரம்பித்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "எந்த ஆர்எஸ்எஸ்?" என்றார். அதற்கு விளக்கம் கொடுக்கவே இடைவேளை முடிந்துவிட்டது.

டோம்பிவிலி_ஃபாஸ்ட் | ஜூன் 22, இரவு 10:31

அதனால்தான் டீச்சர் அந்தக் காலத்திலேயே ஃபீடுக்கு நம் ஆட்கள் "ஓடை" என்று பெயர் வைத்தார்கள். செய்தியோடை. உங்கள் தலைமையாசிரியரிடம் அடுத்த முறை ஓடை என்றே சொல்லுங்கள், பயப்பட மாட்டார்.

உயிரோடு இருக்கிறதா என்றால், நான் இருக்கிறேன். 2006-லிருந்து ஒரு நாள் விடாமல். அப்போது தமிழ் வலைப்பதிவு படித்தவர்கள் எல்லாருக்கும் தமிழ்மணம்தான் வாசல். 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கியது. ஒவ்வொருவருடைய பதிவின் ஓடையையும் இழுத்து ஒரே பக்கத்தில் போட்டுக் காட்டும். திரட்டி என்ற சொல் எங்கள் வாயில் புழங்கியதே அப்படித்தான். அதில் பத்துப் பேரைப் பிடித்துப்போய், அந்தப் பத்துப் பேரை மட்டும் தனியாகப் படிக்க வேண்டும் என்று தோன்றியபோது கூகுள் ரீடருக்குப் போனேன். 2005 அக்டோபரில் வந்தது அது. 2013 மார்ச்சில் மூடப்போகிறோம் என்றார்கள், ஜூலை 1-ஆம் தேதி மூடியே விட்டார்கள். அன்றைக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை, உண்மையாகவே துக்கவீடு மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று. மூடுவதற்கு முன்னால் என் 212 ஓடைகளையும் ஓபிஎம்எல் என்ற ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டேன், சின்னக் கோப்பு, ஒரு போட்டோவின் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதை ஃபீட்லியில் ஏற்றினேன், பிறகு இனோரீடருக்கு மாறினேன், இப்போது போனில் ஃபீடர் என்ற ஒரு சின்ன ஆப். கடை மூடினால் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். ஃபேஸ்புக்கில் நீங்கள் பின்தொடர்கிறவர்களை அப்படிக் கட்டித் தூக்கிக்கொண்டு வர முடியுமா?

அந்த 212-இல் இப்போது பாதி செத்துப்போன ஓடைகள். நீக்க மனம் வருவதில்லை. காரணம் இருக்கிறது. ஆறு வருடம் எதுவும் எழுதாத ஒருவர் போன வருடம் ஒரு நாள் தன் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு பதிவு போட்டார். எந்தத் தளமும் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்காது. காலை வண்டியில் நின்றுகொண்டே, முன்னால் ஒருவருடைய பை என் மூக்கில் இடிக்க, படித்து முடித்தேன். கமெண்டில் பார்த்தால் என்னைப் போல இன்னும் மூன்று பேர், எல்லாரும் ரீடர்காரர்கள்.

உங்களுக்கு என் ஒரே அறிவுரை: நாளிதழ்களைச் சேர்க்காதீர்கள். ஒரு நாளிதழ் ஓடையைச் சேர்த்தால் அது பாட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு இருநூறு தலைப்பைக் கொட்டும், அதன் அடியில் உங்கள் நாலைந்து பேரும் மூழ்கிப் போவார்கள். நாளிதழைத்தான் எப்படியும் பார்த்துவிடுகிறோமே. ரீடர் என்பது அரிதாக எழுதுகிறவர்களுக்காக.

சயான்_சர்க்கிள் | ஜூன் 22, இரவு 11:02

இந்தக் காலத்தில் இதெல்லாம் தேவையா மக்களே. வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு ஆரம்பித்து லிங்க் போட்டால் முடிந்தது. படிக்க நேரம் இல்லை என்றால் ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கம் கேளுங்கள். செத்த தொழில்நுட்பத்துக்கு மாலை போடுவது நம் ஆட்களுக்குப் பிடித்த வேலை.

டோம்பிவிலி_ஃபாஸ்ட் | ஜூன் 22, இரவு 11:09

தம்பி, ஜிம்மில் பாட்காஸ்ட் கேட்பீர்கள்தானே? அது பெரும்பாலும் ஆர்எஸ்எஸ்தான். புது எபிசோடு வந்ததை உங்கள் ஆப்புக்குச் சொல்வதே ஒரு ஓடை. தினமும் பிணத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

சயான்_சர்க்கிள் | ஜூன் 22, இரவு 11:14

சரி, அது தெரியாது. இருந்தாலும் வாட்ஸ்ஆப் கட்சியிலிருந்து நான் மாறவில்லை.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | ஜூன் 23, காலை 6:20

டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நான் இதைச் செய்து பார்த்தவன், அதில் பாதி தோற்றவனும்கூட.

2009-இல் கல்லூரியில் இளங்கலை மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு பிளாக்கர் பதிவு திறக்கச் சொன்னேன். வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் வாரம் முப்பத்தெட்டு முகவரியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எழுதியவன் இருபது பேர், எழுதாதவனைக் கண்டுபிடிக்கவே ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பிறகுதான் ஒரு மாணவன் ஓடைகளைச் சேர்த்து ஒரே கோப்புறையில் போட்டுக் கொடுத்தான். அதற்கப்புறம் எவன் எழுதினாலும் என் மேசைக்கு வந்தது. பிளாக்கரில் பின்னூட்டங்களுக்கும் தனி ஓடை உண்டு, பலருக்கு அது தெரியாது. யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதையும் அதில் பார்த்தேன். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண், வந்தவாசி பக்கத்திலிருந்து வந்தவள், பின்னூட்டத்தில் எல்லாருடைய வாதத்தையும் பிய்த்து எறிந்துகொண்டிருந்தாள். அந்த ஓடை இல்லாவிட்டால் அவளை எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

தோற்றது எங்கே என்றால், மாணவர்களுக்கும் ஆளுக்கு ஒரு ரீடர் கணக்குத் திறந்து கொடுத்தேன். இருபது நல்ல தளங்களைச் சேர்த்து "படியுங்கள்" என்றேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாருக்கும் படிக்காதவை ஆயிரத்துக்கு மேல் என்று நின்றது. எவனும் திறக்கவில்லை. தப்பு அவர்களுடையது அல்ல. ஒரு வண்டி காய்கறியை வீட்டு வாசலில் கொட்டிவிட்டு "சமைத்துச் சாப்பிடு" என்றால் யார்தான் சாப்பிடுவார்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ரீடரைக் கொடுக்காதீர்கள் டீச்சர். ரீடர் உங்களிடம் இருக்கட்டும். அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு.

சர்வர்_செல்வா | ஜூன் 23, காலை 10:55

நான் நவி மும்பையில் ஐடி. கொஞ்சம் உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் டீச்சருக்குத் தேர்ந்தெடுக்க வசதியாக இருக்கும். (வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுவந்து தரும் டப்பாவாலா உதாரணம் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். அதுவும் இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் இதில் யாரும் உங்களுக்கு எதையும் கொண்டுவந்து தருவதில்லை.)

தளம் தன் புதிய பதிவுகளின் பட்டியலை ஒரு கோப்பாக வைத்திருக்கும், தலைப்பு, தேதி, சுட்டி, சில சமயம் முழுக் கட்டுரை. உங்கள் ரீடர் மணிக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ போய் "ஏதாவது மாறியதா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் தளம் 304 என்ற ஒரு எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும், டேட்டா அநேகமாகச் செலவாகாது. அவ்வளவுதான் முழு வித்தையும். 1999-இல் நெட்ஸ்கேப் தன் முகப்புப் பக்கத்துக்காகச் செய்தது, 2002-இல் ஆர்எஸ்எஸ் 2.0, 2005-இல் ஆட்டம் என்று இன்னொரு வடிவம். ரீடருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது பிரச்சினை எங்கே என்றால், அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று உலாவி இப்போது காட்டுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ்கூட 2018 டிசம்பரில் தன்னிடம் இருந்த ஓடை வசதியைத் தூக்கிவிட்டது. அதனால் பலர் ஓடையே செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தளத்தின் முகவரியை அப்படியே ரீடரில் ஒட்டுங்கள், பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள், வரும். யூடியூப் சானல்களுக்கும் ஓடை உண்டு, கடைசிப் பதினைந்து வீடியோ காட்டும், பக்கத்தில் வேறு எந்தப் பரிந்துரையும் வராது. பள்ளிக்கு இது ஒன்றே போதும்.

பள்ளி லேப்டாப்புக்கு: தண்டர்பேர்டு. மின்னஞ்சல் மென்பொருள்தான், ஆனால் ஓடையும் படிக்கும். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், வந்தது வட்டிலேயே கிடக்கும், இணையம் போனாலும் திறக்கலாம். ஆண்ட்ராய்டு போனுக்கு ஃபீடர். ஐபோன் என்றால் நெட்நியூஸ்வயர், இலவசம். நான் வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற ரீடரை நானே நிறுவி ஓட்டுகிறேன், அதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், நீங்கள் பாடம் நடத்த வேண்டியவர், நடுராத்திரியில் என்னைப் போல பிஎச்பி பதிப்போடு மல்லுக்கட்ட வேண்டியவர் இல்லை.

மாட்டுங்கா_மாமி | ஜூன் 23, மதியம் 2:15

செல்வா தம்பி, ஒரு சந்தேகம். நான் சேர்த்த ஓடைகளில் பாதி இரண்டு வரிதான் காட்டுகிறது, மிச்சத்தைப் படிக்கத் தளத்துக்கே வா என்கிறது. அங்கே போனால் விளம்பரம் கண்ணை மறைக்கிறது. என் ஆப்பில் கோளாறா?

சர்வர்_செல்வா | ஜூன் 23, மதியம் 2:40

இல்லை மாமி, அது எழுதுகிறவர் வைத்த அமைப்பு. பிளாக்கரில் முழுசாகக் கொடு, சுருக்கமாகக் கொடு என்று கேட்கும். விளம்பரத்தை நம்பி இருக்கிற தளங்கள் சுருக்கம்தான் கொடுக்கும், அவர்களும் பிழைக்க வேண்டுமே. உங்கள் ஆப்பில் "முழுக் கட்டுரையையும் எடு" என்று அந்த ஓடைக்கு மட்டும் ஒரு குறி இருக்கும், போட்டுப் பாருங்கள். பத்தில் ஏழு வேலை செய்யும்.

மாட்டுங்கா_மாமி | ஜூன் 23, மாலை 5:03

வந்துவிட்டது! நல்லா இருப்பா.

செம்பூர்_டீச்சர் | ஜூன் 27, இரவு 8:30

இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று நினைத்தேன், அதற்குள் மானம் போய்விட்டது.

தண்டர்பேர்டு போட்டேன். டோம்பிவிலி அண்ணா சொன்னதைக் கேட்காமல், பிள்ளைகளுக்குத் தமிழில் வாசிக்கப் பழக்கம் வரட்டும் என்று இரண்டு செய்தித் தளங்களையும் சேர்த்தேன். வியாழக்கிழமை காலை வகுப்பில் ப்ரொஜெக்டரில் அப்படியே திறந்தேன். முதல் தலைப்பு பருவமழை. நல்லது. இரண்டாவது தலைப்பு என்னவென்று இங்கே எழுத மாட்டேன், ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை, எவ்வளவு விவரமாக எழுத முடியுமோ அவ்வளவு விவரம் தலைப்பிலேயே. நான் கையை நீட்டி லென்சை மறைத்தேன், என் விரல்களுக்கு இடையே அது என் சேலையில் விழுந்து தெரிந்தது. முன்பெஞ்சில் ஒருவன் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டான். வேறு எந்த நாளும் அவன் தானாகப் படித்ததில்லை.

இனி என்ன செய்வது? செய்தியே வேண்டாமா?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | ஜூன் 27, இரவு 9:12

நேரலையாகத் திறக்கவே கூடாது அம்மா. இது என் பழைய விதி, முதலிலேயே சொல்லாமல் விட்டது என் தப்பு. முதல் நாள் இரவு நீங்கள் தனியாகப் படித்து, வேண்டியதற்கு மட்டும் நட்சத்திரம் போடுங்கள். வகுப்பில் நட்சத்திரம் போட்டதை மட்டும் காட்டும்படி வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, தாளில் அச்சடித்துக் கொண்டுபோவது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் கற்பித்தலுக்காகப் பிரதி எடுப்பதற்கு இடம் இருக்கிறது, 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஜெராக்ஸ் கடை வழக்கில் அதைத்தான் சொன்னது. வகுப்புக்கு நாற்பது பிரதி எடுப்பதற்கு யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. புவியியலுக்குச் செய்தித்தாள் எதற்கு? மூலத்துக்கே போங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம், யுஎஸ்ஜிஎஸ், உலகம் முழுக்க நடக்கும் நிலநடுக்கங்களுக்கு ஓடை கொடுக்கிறது. 4.5 அளவுக்கு மேற்பட்டவை என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் கொலை இல்லை, நடிகை இல்லை. பூமி மட்டும்தான்.

தாராவி_அண்ணாச்சி | ஜூன் 27, இரவு 10:05

டீச்சர், என் மவன் உங்க பள்ளிக்கூடத்துல படிச்சவன்தான், இப்ப காலேஜ். நம்ம தோல் கடையில உட்கார்ந்து நானும் இந்த ஓடைதான் பார்க்கேன், ரிசர்வ் வங்கி அறிவிப்புக்கு ஓடை இருக்கு, ஏற்றுமதிக்காரன் எல்லாரும் பார்க்கணும். மவன்தான் போட்டுக் கொடுத்தான்.

நிலநடுக்கம்னதும் கேக்கேன், நம்ம மகாராஷ்டிராவும் அதுல வருமா? 93-ல கில்லாரியில ஊரே போச்சு. செப்டம்பர் 30, விடியக்காலம், பிள்ளையார் கரைச்ச அன்னிக்கு ராத்திரி. இங்கேருந்து துணிமணி, போர்வை எல்லாம் லாரி ஏத்தி அனுப்பினோம், நானும் ஏத்துனேன்.

செம்பூர்_டீச்சர் | ஜூலை 13, இரவு 9:20

மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது, நடுவில் மழைக்கு மூன்று நாள் விடுமுறை. ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது.

வாத்தியார் ஐயா சொன்ன ஓடையைச் சேர்த்தேன். செய்தித் தளங்களை எடுத்துவிட்டேன். சுவரில் பெரிய உலக வரைபடம் ஒட்டினோம். அதில் இடத்தைக் குறிக்க ஊசி வைக்கலாம் என்றால், ஐம்பது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஊசியா என்று தலைமையாசிரியர் மறுத்தார். ஒரு பெண் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிக் காட்டினாள், "இது போதுமே டீச்சர்" என்று. மறுநாள் ஆளுக்கொரு பொட்டு அட்டை வந்துவிட்டது. ஆழம் குறைந்தவற்றுக்குச் சிவப்பு, 300 கிலோமீட்டருக்கு மேல் ஆழமானவற்றுக்குக் கறுப்பு.

தினமும் இரவு நான் பார்த்து, வந்தவற்றை நாலு சீட்டில் எழுதிக்கொள்கிறேன். காலையில் நாலு குழு, ஆளுக்கொரு சீட்டு. ஓடையில் தலைப்பே அளவு, எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, எந்த ஊர் என்றுதான் வரும். தெற்கு-தென்கிழக்கு என்றால் என்ன என்று புத்தகத்தில் திசைகாட்டிப் படம் போட்டு நான் மூன்று வருடமாகக் கற்றுக்கொடுக்கிறேன், ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. இப்போது டோங்காவுக்குத் தெற்கே ஒட்ட வேண்டியதை மேற்கே ஒட்டினால் அடுத்த குழு சண்டைக்கு வருகிறது.

நேரம்தான் பெரிய வேடிக்கை. ஓடையில் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் போட்டிருக்கும். செவ்வாய் 19:52 என்று ஒன்று வந்தது. ஐந்தரை மணி கூட்டினால் நமக்குப் புதன் அதிகாலை 1:22. "அப்படின்னா நிலநடுக்கம் செவ்வாயா, புதனா?" என்று ஒருவன் கேட்டான். மணி அடிக்கும்வரை அதுதான் ஓடியது. கடைசியில் அவர்களே, அங்கே இருக்கிறவர்களைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

இரண்டாவது வாரம் முடியும்போது பொட்டுகள் பசிபிக்கைச் சுற்றி மாலை மாதிரி விழுந்துவிட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புப் பொட்டு மட்டும் ஏன் ஃபிஜி பக்கமே விழுகிறது என்று அவர்களே கேட்டார்கள். 560 கிலோமீட்டர் ஆழம் என்று ஒரு சீட்டில் இருந்தது. பூமியின் மேலோட்டில் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் சாய்வாக இறங்குகிறது, அது போகப்போக ஆழம் கூடுகிறது என்று அன்றைக்குத்தான் அந்தப் பாடத்தை எடுத்தேன். சப்பாத்திக் கட்டையைச் சாய்த்து வைத்து.

அண்ணாச்சி, உங்கள் கேள்வியை வகுப்பில் அப்படியே வைத்தேன். மகாராஷ்டிராவில் ஒரு பொட்டும் இல்லை. ஒரு பையன் "நாம தப்பிச்சோம்" என்றான். அப்போது கில்லாரியைச் சொன்னேன், 1967 டிசம்பரில் கொய்னா அணை பக்கம் வந்ததையும் சொன்னேன். கொய்னா பக்கம் இப்போதும் சின்னச் சின்ன நடுக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறது, 4.5-க்குக் கீழே இருப்பதால் நம் ஓடையில் வருவதில்லை. ஓடையில் இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, நாம் வைத்த சல்லடையின் கண் பெரிது. இது அந்தப் பையனுக்குப் பிடிக்கவில்லை, முகம் வாடிவிட்டது. அவனுடைய பாட்டி வீடு கொய்னா இருக்கிற சாத்தாரா மாவட்டத்தில்.

செல்வா தம்பியிடம் ஒரு கேள்வி: திங்கட்கிழமை திறந்தால் சனிக்கிழமை நடுக்கங்களைக் காணோம். ஞாயிறும் பாதிதான் இருக்கிறது. ஏன்?

சர்வர்_செல்வா | ஜூலை 13, இரவு 9:58

நீங்கள் சேர்த்தது "கடந்த ஒரு நாள்" ஓடை. அதில் 24 மணி நேரத்துக்கு முந்தையது தானாக உதிர்ந்துவிடும். சனி, ஞாயிறு லேப்டாப் மூடிக் கிடந்தால் தண்டர்பேர்டு போய்க் கேட்கவில்லை, கேட்காதது வரவும் இல்லை. அதே இடத்தில் "கடந்த ஏழு நாள்" என்று இன்னொரு ஓடை இருக்கும், அதற்கு மாற்றுங்கள். தினமும் திறக்கிறவருக்குப் பழையது திரும்ப வராது, புதியது மட்டும்தான் படிக்காததாகத் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள், மாலையில் 4.9 என்று வந்தது காலையில் 4.7 ஆகியிருக்கும். முதலில் கணினி போடும் எண், பிறகு ஆட்கள் பார்த்துத் திருத்துவார்கள். பிள்ளைகள் உங்களைத் தப்பு என்று சொல்வதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

செம்பூர்_டீச்சர் | ஜூலை 13, இரவு 10:04

சொல்லிவிட்டார்கள். போன புதன்கிழமையே.

சயான்_சர்க்கிள் | ஜூலை 13, இரவு 10:20

டீச்சர், வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பொட்டு வரைபடத்தை ஒரு போட்டோ போடுங்களேன்.

டோம்பிவிலி_ஃபாஸ்ட் | ஜூலை 14, காலை 8:02

எண்பது டேப் என்ன ஆயிற்று டீச்சர்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

செம்பூர்_டீச்சர் | ஜூலை 14, இரவு 9:35

அதையும் சொல்கிறேன் அண்ணா. டேப்களை எல்லாம் மூடிவிட்டேன், படிக்காமலேயே. அவற்றில் எந்தெந்தத் தளம் திரும்பத் திரும்ப வந்ததோ அந்தப் பதினொன்றை மட்டும் போனில் ஓடையாகச் சேர்த்தேன். நாளைக்கு இரண்டோ மூன்றோ வருகிறது, சில நாள் ஒன்றும் வருவதில்லை. முதல் வாரம் ஆப் கெட்டுப்போய்விட்டதோ என்று இரண்டு தடவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். "படிக்க ஒன்றும் இல்லை" என்று ஒரு வெள்ளைப் பக்கம் காட்டியது. குர்லாவில் வண்டி ஏறினால் சயான் வருவதற்குள் முடிந்துவிடுகிறது, அப்புறம் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறேன்.

போட்டோ நாளைக்குப் போடுகிறேன், மழை ஈரத்தில் வரைபடத்தின் ஆப்பிரிக்கா பக்கம் சுவரிலிருந்து உரிந்து தொங்குகிறது, முதலில் அதை ஒட்ட வேண்டும்.

தாராவி_அண்ணாச்சி | ஜூலை 14, இரவு 10:11

டீச்சர், பொட்டு தீர்ந்தா சொல்லுங்க. நம்ம சந்துல மொத்தக் கடை இருக்கு, ஒரு பெட்டி அனுப்பி வைக்கேன். சிவப்பு எத்தனை, கறுப்பு எத்தனை?

செம்பூர்_டீச்சர் | ஜூலை 14, இரவு 10:19

சிவப்பு நிறைய அண்ணாச்சி. கறுப்பு ஒரு அட்டை போதும்.